அயிரைதானா என்று எப்படி உறுதிசெய்வது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பவானி, நொய்யல், அமராவதி ஆகிய ஆறுகளின் கரையிலும், அவற்றில் விழும் பள்ளங்கள் என்னும் சிற்றோடைகளிலும், வாய்க்கால்களிலும் விரல் நீள மீன் ஒன்றைப் பிடித்துப் படம் அனுப்பி, "இது அயிரைதானே?" என்று கேட்பவர்கள் பலர். படத்தில் பெரும்பாலும் ஒரு உள்ளங்கையும், அதில் பழுப்பாக ஒரு கோடும்தான் தெரியும். அந்தப் படங்களுக்கு எழுதிய பதில்களைத் தொகுத்தபோது கேள்விகள் சிலவே திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரிந்தது. அவற்றுக்கான விடைகள் கீழே உள்ளன.

அயிரை என்பது ஒரே ஒரு மீன் இனத்தின் பெயரா?

பேச்சு வழக்கில் அப்படி இல்லை. மணலில் புதையும், மீசை வைத்த, வழுக்கும் சிறு மீன் எதுவாக இருந்தாலும் அதை அயிரை என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பக்கத்தில் அயிரை என்று குறிப்பிடுவது லெபிடோசெபாலிக்திஸ் தெர்மாலிஸ் என்ற ஒரே இனத்தைத்தான். குழம்புக்காகத் தேடி வாங்கப்படும் அயிரை இதுவே. 1846-இல் வாலன்சியன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் சூட்டியபோது, அவருக்குக் கிடைத்த மாதிரிகள் இலங்கையின் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளிலிருந்து வந்தவை. 'தெர்மாலிஸ்' என்ற பெயரில் உள்ள வெப்பம் அந்த ஊற்றுகளிலிருந்து வந்ததே தவிர, நம் ஊர் அயிரை வெந்நீர் தேடும் மீன் அல்ல. தமிழ்ப் பெயர் இதைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து. அயிர் என்றால் நுண்மணல்; இந்த மீனைத் தேட வேண்டிய இடமும் அதுதான்.

முழுதாக வளர்ந்தாலும் இது ஒரு விரல் நீளத்தைத் தாண்டுவது அரிது. கையில் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை நான்கு முதல் ஏழு சென்டிமீட்டர் வரை இருக்கும். ஒரு சாண் நீளத்துக்கு இருக்கும் ஒன்றை அயிரை என்று யாராவது காட்டினால், வேறு எதையும் பார்க்காமலேயே மறுத்துவிடலாம்.

முதலில் பார்க்க வேண்டிய அடையாளம் எது?

கண்ணுக்குக் கீழே உள்ள முள். நூறு படம் பார்த்தும் தீராத சந்தேகம் இந்த ஒரு முள்ளில் தீர்ந்துவிடும்.

அயிரையின் கண்ணுக்குச் சற்றுக் கீழே, தோலில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். மீன் அமைதியாக இருக்கும்போது முள் அந்தப் பள்ளத்துக்குள் மடங்கிக் கிடப்பதால், வெறும் கண்ணுக்கு அது ஒரு கீறல் போலத்தான் தோன்றும். மீன் மிரண்டதும் முள் பக்கவாட்டில் விறைத்து நிற்கும். அதன் நுனி ஒன்றல்ல, இரண்டு: நீளமான ஒன்றும், அதன் அடியிலிருந்து பிரியும் குட்டையான ஒன்றும். பத்து மடங்கு பெரிதாக்கும் சாதாரண கைலென்ஸில் இந்தப் பிளவு தெளிவாகத் தெரியும்.

லென்ஸ் இல்லாவிட்டாலும் முள்ளைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கொடிவேரி அணைக்குக் கீழே, தண்ணீர் குறைந்திருந்த ஒரு நாளில், ஈரமான பருத்தித் துண்டில் நான்கைந்து மீன்களை அள்ளினேன். துண்டைத் தண்ணீரில் அமிழ்த்தியதும் மற்றவை நழுவிப் போய்விட, இரண்டு மட்டும் துண்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. குனிந்து பார்த்தால், கன்னத்து முள் நூலிழையில் மாட்டி, மீன் இழுக்க இழுக்க இன்னும் இறுகிக்கொண்டிருந்தது. நழுவிப் போனவை எவையாகவும் இருந்திருக்கலாம். தொங்கியவை இரண்டும் அயிரை. அன்றிலிருந்து சந்தேகம் வரும்போதெல்லாம், ஈர விரல் நகத்தைக் கண்ணுக்குக் கீழே பின்னாலிருந்து முன்னோக்கி மெல்ல நகர்த்திப் பார்ப்பது என் வழக்கம். முள் இருந்தால் நகத்தில் தட்டும். முள் மாட்டிய மீனைப் பிய்த்து இழுக்காமல், துண்டோடு தண்ணீரில் விட்டுவிட்டால் சற்று நேரத்தில் அதுவாகவே கழன்றுகொள்ளும்.

அந்த முள் குத்தினால் விஷமா?

இல்லை. சுருக்கென்று தைக்கும், அவ்வளவுதான்.

மீசை ஆறா, எட்டா? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்களே?

இரு தரப்பினரும் சரியாகவே எண்ணுகிறார்கள். எதை மீசை என்று கொள்வது என்பதில்தான் வேறுபாடு. மூக்கு நுனியில் இரண்டு இணைகளும், வாயின் இரு ஓரங்களிலும் ஓர் இணையுமாக ஆறு மீசைகள் எல்லோரும் ஒப்புக்கொள்பவை. இவை தவிர, கீழுதடு நடுவில் இரண்டு மடல்களாகப் பிரிந்து, ஒவ்வொரு மடலும் நுனியில் மீசைபோல் நீண்டிருக்கும். இந்த இரண்டையும் சேர்ப்பவர் எட்டு என்பார். இவை உதட்டின் பகுதிதான் என்று விடுபவர் ஆறு என்பார். மீனை மல்லாத்திப் பார்க்காதவருக்கு இந்த மடல்கள் கண்ணில் படவே படா. குறிப்பு எழுதும்போது "மீசை மூன்று இணை, கீழுதட்டு மடல் ஓர் இணை" என்று எழுதிவிட்டால் எந்தத் தரப்பினரும் குழம்பமாட்டார்கள்.

ஆனால் மீசையின் எண்ணிக்கையை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது. கெளுத்திக் குஞ்சுக்கும் எட்டு மீசைதான்.

நிறத்தையும் புள்ளிகளையும் நம்பலாமா?

பாதிதான் நம்பலாம். வெளிர்மஞ்சள் அல்லது மணல் நிற உடலில், பக்கவாட்டில் வரிசையாகப் பழுப்புத் திட்டுகளும், முதுகில் இன்னொரு வரிசைத் திட்டுகளும், வாலில் குறுக்காக ஓடும் புள்ளிக் கோடுகளும் இருப்பது வழக்கமான தோற்றம். இந்த வழக்கமான தோற்றத்தில் கிடைக்கும் அயிரை, கிடைக்காத அயிரையைவிடக் குறைவு என்று எனக்குச் சில சமயம் தோன்றுவதுண்டு. வெண்மணலில் கிடந்தது வெளிறியும், வயல் வாய்க்காலின் கருஞ்சேற்றில் கிடந்தது கறுத்தும் இருக்கும். அதே கறுத்த மீனை வெள்ளைப் பக்கெட்டில் விட்டுவிட்டு, டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் திட்டுகள் மங்கிப் போயிருக்கும். செத்த பிறகு ஒரு நிறம். கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் இன்னொரு நிறம். சிலவற்றில் பக்கத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நீளமான பட்டையாகவே தோன்றுவதால், அவை வேறு இனம் என்று வாதிடுபவர்களும் உண்டு.

இந்த மாற்றங்களுக்கிடையே ஓரளவு நிலைத்து நிற்பது ஒரே ஒரு புள்ளி. வால் துடுப்பு உடலோடு சேரும் இடத்தில், நடுக்கோட்டுக்கு மேலே, மிளகைக் கிள்ளி வைத்ததுபோல் ஒரு கரும்புள்ளி இருக்கும். அது வாலின் நடுவில் இராது, மேல்பாதியில்தான் இருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற திட்டுகள் மங்கினாலும் இது பெரும்பாலும் தெரியும். வாலின் வடிவமும் துணைக்கு வரும்: அயிரையின் வால் ஆழமாகப் பிளந்திராது, நேராக வெட்டியது போலவோ சற்று வளைந்தோ முடியும்.

ஆகவே, தண்ணீரும் இறப்பும் மாற்றக்கூடியவற்றை, அதாவது நிறம், திட்டு, உடல் பருமன் ஆகியவற்றை, கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றால் மாறாதவையான முள், மீசை, துடுப்பு அமைந்த இடம், வாலின் வடிவம் ஆகியவற்றை முதலில் பாருங்கள்.

மலையடிவார ஓடையில் பிடித்தேன். அயிரை போலவே இருக்கிறது, ஆனால் முள் இல்லை. இது என்ன?

நீலகிரி, ஆனைமலை அடிவாரங்களிலிருந்து அதிகமாக வரும் கேள்வி இது. முள் இல்லையென்றால் அது அயிரை இல்லை. அயிரைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லலாம்.

கூழாங்கற்களுக்கிடையே வேகமாக ஓடும் நீரில் கிடைப்பது பெரும்பாலும் நெமாகைலிடே என்ற குடும்பத்து மீனாக இருக்கும். இவற்றுக்கும் மூன்று இணை மீசைகள் உண்டு. உடலும் உருண்டு நீண்டதுதான். ஆனால் கண்ணுக்குக் கீழே முள் கிடையாது. உடலின் குறுக்கே மேலிருந்து கீழாக இறங்கும் பட்டைகளும், வாலின் அடியில் நிமிர்ந்து நிற்கும் கருங்கோடும் இவற்றில் பலவற்றின் அடையாளம். அயிரைக்கு வாலடியில் இருப்பது புள்ளி, இவற்றுக்குக் கோடு. இதைச் சேர்ந்த ஷிஸ்டுரா டெனிசோனி என்ற இனத்தை, சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த பிரான்சிஸ் டே 1867-இல் பவானி ஆற்றிலிருந்தே விவரித்தார். பெயரில் இருக்கும் டெனிசன், அதற்குச் சற்று முன்வரை மாகாண ஆளுநராக இருந்தவர்.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. இந்தக் குடும்பத்தில் சில இனங்களின் ஆண்களுக்குக் கண்ணுக்குக் கீழே சிறிய சதை மடிப்பு ஒன்று இருக்கும். படத்தில் பார்த்தால் அது முள்போலவே தோன்றி ஏமாற்றும். நகத்தால் தொட்டால் சதை மடிப்பு வளைந்து கொடுக்கும், முள் கொடுக்காது. படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல நான் தயங்குவதற்கு இந்த மடிப்புதான் முதல் காரணம்.

பாறையோடு ஒட்டிக்கொண்டு, நீரின் இழுப்பை எதிர்த்து நிற்கும் மீன் என்றால் அது வேறு. அதன் அடிப்பக்கம் தட்டையாகவும், மார்புத் துடுப்புகளும் இடுப்புத் துடுப்புகளும் இருபுறமும் விசிறிபோல் கிடைமட்டமாக விரிந்தும் இருந்தால் பவானியா ஆஸ்ட்ராலிஸ் என்ற மீனை எண்ணலாம். இந்த இனம் அடங்கிய பேரினத்துக்கு, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்புக்கு, 1920-இல் மீனியலாளர் சுந்தர் லால் ஹோரா பெயர் வைத்தபோது நம் பவானி ஆற்றின் பெயரையே வைத்தார். பவானிக்கரைக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது என்பதால், கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன். இதே பாறைகளில், கீழுதட்டுக்குப் பின்னால் வட்டமான உறிஞ்சு தட்டு ஒன்று இருக்கும் மீன் கிடைத்தால், அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த காரா. அயிரைக் கூட்டத்திலேயே சேராது.

சந்தையில் வாங்கும் அயிரையில் வேறு குஞ்சுகள் கலந்திருக்கின்றனவா?

கலந்து வருவதுண்டு. அது எப்போதும் ஏமாற்று வேலை என்று சொல்லிவிட முடியாது. வாய்க்காலில் தண்ணீர் நிறுத்தியதும், மதகுக்கு அடியில் தேங்கிய குட்டையில் எல்லாக் குஞ்சுகளும் ஒன்றாக ஒதுங்கும். அரிப்பவர் அள்ளுவதும் மொத்தமாகத்தான். கலந்து வருபவற்றைப் பிரிப்பது எளிது.

ஆரல் குஞ்சின் மூக்கு கூராக நீண்டிருக்கும். முதுகில் துடுப்புக்கு முன்னால் வரிசையாகத் தனித்தனி முட்கள் இருக்கும். அடிவயிற்றில் இடுப்புத் துடுப்பு இணை இராது. அயிரைக்கு அந்த இணை உண்டு. உளுவைக்கு முதுகில் இரண்டு துடுப்புகள் தனித்தனியே இருக்கும், மீசை இராது, இடுப்புத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாக இணைந்து கிண்ணம்போல் இருக்கும். அயிரைக்கு முதுகில் ஒரே துடுப்பு, அதுவும் சிறியது. கெளுத்திக் குஞ்சுக்கு முதுகுத் துடுப்பின் முன்னாலும் மார்புத் துடுப்புகளின் முன்னாலும் விறைத்த முள் இருக்கும். முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே கதிர்கள், அதாவது துடுப்பைத் தாங்கும் மெல்லிய இழைகள், இல்லாத சதைத் துடுப்பு ஒன்றும் இருக்கும். விரால் குஞ்சின் முதுகுத் துடுப்பு ஏறக்குறைய உடல் நீளத்துக்கே ஓடும்.

இந்த நான்கில் கெளுத்தியை மட்டும் தவறவிடாமல் எடுத்துவிடுங்கள். அதன் முள் குத்தினால் நன்றாகவே கடுக்கும்.

அயிரைக்குச் செதில் இல்லை என்பது சரியா?

இல்லை. செதில்கள் மிகச் சிறியவை, தோலுக்குள் புதைந்தவை, மேலே கொழகொழப்பு வேறு மூடியிருக்கும். துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். உச்சந்தலையில் செதில் கிடையாது. கன்னப் பகுதியில் உண்டு. கெண்டைக்கு உள்ளதுபோல் உடல் நெடுகத் தெளிவாக ஓடும், நீரின் அசைவை உணரும் பக்கக்கோடும் இதற்கு இல்லை.

ஆண், பெண் வேறுபாடு தெரியுமா?

வளர்ந்த மீனில் தெரியும். வயிறு உப்பி, உடல் பெருத்து இருப்பதெல்லாம் பெண் என்று சொல்லும் வழக்கம் முட்டைப் பருவத்தில் ஓரளவு சரிதான். மற்றக் காலத்தில் அது கைகொடுக்காது. உறுதியான அடையாளம் மார்புத் துடுப்பில் இருக்கிறது. ஆணின் மார்புத் துடுப்பில், உடலை ஒட்டி உட்புறமாக வரும் ஏழாவது, எட்டாவது கதிர்கள் இரண்டும் ஒன்றாக இணைந்து தடித்திருக்கும். துடுப்பை விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், மற்றக் கதிர்கள் நூல்போலத் தெரிய, அந்த இடம் மட்டும் வெளிச்சத்தை மறைக்கும். பெண்ணில் எல்லாக் கதிர்களும் தனித்தனியாகவே இருக்கும்.

இந்த இணைந்த கதிர்கள் வெறும் ஆண் அடையாளம் மட்டுமல்ல; லெபிடோசெபாலிக்திஸ் என்ற பேரினத்துக்கே உரிய அடையாளம் இதுதான். ஆகவே ஒரு கூட்டத்தில் ஒரே ஓர் ஆணையாவது கண்டுபிடித்துவிட்டால், பேரினத்தைப் பற்றிய சந்தேகம் முடிந்துவிடும். குஞ்சுகளில் இதைத் தேடிப் பயனில்லை.

துடுப்புக் கதிர்களை எண்ண வேண்டுமா? அளவு எப்படி எடுப்பது?

கெண்டை இனங்களைப் பிரிக்கக் கதிரும் செதிலும் எண்ணுவது இன்றியமையாதது. அயிரை விஷயத்தில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. முதுகுத் துடுப்பில் கிளைத்த கதிர்கள் ஆறோ ஏழோ இருக்கும். குதத் துடுப்பில் ஐந்து. முள் இல்லாத உறவினங்களுக்கும் ஏறக்குறைய இதே எண்ணிக்கைதான் என்பதால், எண்ணி முடித்த பிறகும் நீங்கள் தொடங்கிய இடத்திலேயே இருப்பீர்கள்.

அளவு எடுப்பதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பின் நுனி வரை அளப்பது மொத்த நீளம். மூக்கு நுனியிலிருந்து வால் துடுப்பு தொடங்கும் எலும்பு விளிம்பு வரை அளப்பது திட்ட நீளம். வால் துடுப்பு கிழிந்தும் தேய்ந்தும் இருக்கக்கூடியது ஆதலால், ஒப்பிடுவதற்குத் திட்ட நீளமே நம்பத்தக்கது. வாலை இடமும் வலமுமாக மெல்ல வளைத்தால் தோலில் ஒரு மடிப்பு விழும். அதுதான் அந்த விளிம்பு.

அடையாளம் தெரியும்படி படம் எடுப்பது எப்படி?

உள்ளங்கையில் வைத்து எடுக்காதீர்கள். ஒரு அங்குல இடைவெளியில் இரண்டு கண்ணாடித் துண்டுகளை நிறுத்தி, சிலிக்கான் பசையால் ஒட்டி, ஒரு சிறு பெட்டி செய்துகொள்ளுங்கள். பிடித்த இடத்துத் தண்ணீரையே ஊற்றி மீனை விட்டால் அது திரும்ப இடமின்றிப் பக்கவாட்டில் நிற்கும். மீனின் தலை உங்கள் இடப்பக்கம் பார்க்கும்படி ஒரு படம், முகத்தை மட்டும் நெருங்கி ஒன்று, வாலடியை நெருங்கி ஒன்று, கண்ணாடி வழியே வாயின் அடிப்பக்கம் தெரியும்படி ஒன்று என நான்கு படங்கள் போதும். பெட்டிக்கு வெளியே ஒரு அளவுகோலை ஒட்டிவிடுங்கள். வெயிலில் இரண்டு நிமிடத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். எந்தப் பள்ளம், எந்த ஊருக்கு அருகே, அடியில் மணலா சேறா கல்லா என்ற குறிப்பு, ஐந்தாவது படத்தைவிட மதிப்புள்ளது.

சத்தியமங்கலம், ஆனைமலைப் பகுதிகளில் காப்புக்காட்டுக்குள் இருக்கும் ஓடை என்றால், வனத்துறையின் அனுமதியில்லாமல் வலை போடக்கூடாது. விட்டுவிடத்தானே போகிறோம் என்பது அதற்குப் பதிலாகாது.

பக்கெட்டில் விட்டால் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறக்கிறது. சாகப் போகிறதா?

பெரும்பாலும் இல்லை. அயிரை மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, குடல் வழியாக அதிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, மீதியைக் குதத்தின் வழியே குமிழியாக விடக்கூடியது. தண்ணீர் சூடாகி, ஆக்சிஜன் குறைந்த வாய்க்கால் குட்டையில் கெண்டைக் குஞ்சுகள் செத்து மிதக்கும்போதும் இது பிழைத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். சந்தையில் கொஞ்சம் தண்ணீரில் உயிரோடு வைத்து விற்க முடிவதும் இதனால்தான்.

இந்த நடத்தையை அடையாளத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், முதன்மையாக அல்ல. அதைவிட நல்ல சோதனை, பக்கெட்டின் அடியில் இரண்டு அங்குலம் நுண்மணலைப் போடுவது. அயிரை தலையை முதலில் நுழைத்து, இரண்டு நெளியில் மறைந்துவிடும். பிறகு கண்கள் மட்டும் மணலுக்கு மேலே தெரியும். மலையோடை உறவினங்கள் பெரும்பாலும் கல்லின் இடுக்கைத் தேடி அலையும்.

குழம்பில் வெந்த பிறகும் அயிரைதானா என்று கண்டுபிடிக்க முடியுமா?

இதைக் கேட்பவர்கள் விளையாட்டாகக் கேட்பதில்லை; கொடுத்த விலை அப்படி. முடியும். அயிரையைத் தலையோடும் குடலோடும் முழுதாகத்தான் சமைப்பார்கள் என்பது நமக்குச் சாதகம். அதற்காகத்தான் உயிரோடு இருக்கும்போதே பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு மண்ணைக் கக்கவைத்து, கல்லுப்புப் போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவுகிறார்கள். மீசை வெந்து கரைந்திருக்கும், நிறம் புளியிலும் மிளகாயிலும் போயிருக்கும், செதிலைத் தேடிப் பயனில்லை. ஆனால் கண்ணுக்குக் கீழே இருக்கும் முள் எலும்பு, அது கரையாது. ஒரு மீனைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி, தலையை இரண்டு விரல்களுக்கு நடுவே வைத்துக் கன்னத்தை மெல்ல அழுத்தினால், தோல் விலகி, நுனி இரண்டாகப் பிளந்த, எள்ளைவிட மெல்லிய ஒரு வெள்ளை முள் விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.